ஞானமுத்து கைடு கைப்பற்றிய படலம்

வைகைக் கரைக் கோச்சடையின் மாண்பும், மிஷன் பள்ளியின் வேதியியல் வகுப்பை முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டு ஓய்ந்த கீர்த்தியும், சட்டைப்பையில் உடைவாளெனச் செருகிய சிவப்புப் பேனாவும், ஒரு விடைத்தாளிலும் தவறாய்ச் சுழித்தறியாத கையும் உடைய ஞானமுத்து ஆசிரியர் வாழ்க! தம் மகள் ஐரினுக்காக அவர் ஒரு கைடு புத்தகத்தை வென்றெடுத்த வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் செல்போனை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்க.

போருக்குக் காரணம் இது. பி.ஃபார்ம் முடித்த ஐரின், எம்.ஃபார்ம் படிக்க நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இருப்பதோ நாற்பது நாள். ஞானமுத்துவின் குலத்தில் எந்தத் தேர்வையும் இரண்டாம் முறை எழுதியவர் கிடையாது. அண்ணன் மகன் டோனி எழுதினான். அதை அந்த வீட்டில் யாரும் பேசுவது கிடையாது.

“நானே போய் வாங்கிக்கிறேம்ப்பா” என்றாள் ஐரின்.

“படிக்கிறது நீ. புத்தகம் பொறுக்குறது நான்” என்று முழங்கினார் தந்தை.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் அழகுராஜாவின் புத்தகக் கடை. சுயம்வர மண்டபத்துக்கு வேந்தர் வருவதுபோல் அங்கே கைடுகள் ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து நின்றன. முதலில் வந்தது, ஆயிரத்தெண்ணூறு பக்கமும் அம்மிக்கல்லின் எடையும் கொண்ட பேரரசன். தூக்குவதற்கே தனியாக ஒரு நுழைவுத் தேர்வு வைக்க வேண்டும் என்று ஒதுக்கினார். அடுத்தது, ‘முப்பதே நாளில் முதலிடம்’ என்று அட்டையிலேயே மார்தட்டிய ஒல்லி இளவரசன். மார்தட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் இக்குடும்பத்தில் இல்லை. மூன்றாவதில், முன்பு வைத்திருந்தவர் எல்லா வரியிலும் மஞ்சள் பூசியிருந்தார். அதைத் திறந்த வேகத்திலேயே மூடினார்.

அப்போதுதான், நீல அட்டைக் கவசம் பூண்டு, பத்தாண்டு வினாத்தாள்களைப் படையாகத் திரட்டி, இந்த ஆண்டுப் பதிப்பு என்னும் மணிமுடி தரித்து, அலமாரியின் உச்சியில் வீற்றிருந்த அந்தக் கைடைக் கண்டார். வலக்கை எழுந்தது. அதே கணத்தில் மறுபுறமிருந்து இன்னொரு கையும் எழுந்தது. அது நெல்பேட்டைப் பாத்திரக் கடை அப்துல் வஹீதின் கை. கல்லூரியில் ஐரினோடு நான்காண்டு ஒரே பெஞ்சில் இருந்து, இப்போது அதே நுழைவுத் தேர்வை எழுதப்போகும் சபிஹாவின் தந்தையுடைய கை.

“ஒரு காப்பிதாண்ணே இருக்கு. அடுத்த லோடு வர பத்து நாளாகும்” என்று அழகுராஜா போர்முரசு கொட்டினார்.

“சார், அண்டா தூக்கிப் பழகுன கை இது. புடிச்சா விடாது” என்றார் வஹீது.

“பாய், இது தட்டிப் பாத்து வாங்குற பானை இல்ல” என்றார் ஞானமுத்து.

அவனியாபுரத்து வாடிவாசலில் ஒரே திமிலைப் பற்றிய இரு வீரர்போல் அவர்கள் இழுத்தனர். எவர் பொருட்டு இப்போர் நிகழ்ந்ததோ தந்தையரோடு கூடவே வந்திருந்த அந்த இரு பெண்களும் கடைவாசலில் நின்று ஒரே பொட்டலத்து மாங்காயைத் தின்றுகொண்டிருந்தனர்.

“தரமறியாது கொள்ளுதல் எம் குல வழக்கமன்று! முதலில் இந்நூலைத் திருத்திப் பார்ப்போம்!” என்று பறைசாற்றி, ஞானமுத்து சிவப்புப் பேனாவை உருவினார். அதைக் கண்டதும், பள்ளிக்கூடத்துப் பழைய அச்சத்தில் வஹீதின் பிடி தானாகத் தளர்ந்தது. திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவின் பருமன் என்ன என்பது திறந்த பக்கத்தின் கேள்வி. 22.7 லிட்டர் என்றது புத்தகம். ஆசிரியர் அதன்மேல் வாள்வீச்சென ஒரு கோடு இழுத்து, 22.4 என்று பொறித்தார்.

“ஐயோ அப்பா! அது சரியான விடைதான். அழுத்தத்தோட அளவை எப்பவோ மாத்திட்டாங்க” என்று ஓடிவந்தாள் ஐரின்.

“ஆமா அங்கிள், 22.7 தான். மாடல் டெஸ்ட்டுல எனக்கே அதுல ஒரு மார்க் போச்சு” என்றாள் சபிஹா.

அந்த மாற்றத்தை ஞானமுத்து கேள்விப்பட்டிருந்தார், அங்கீகரிக்கவில்லை.

“அப்ப முப்பத்து நாலு வருசமா எம்புட்டுப் பேரு மார்க்கை வெட்டுனீங்க சார்?” என்றார் வஹீது.

“அத்தா, சும்மா இருங்க” என்றாள் சபிஹா.

“கிறுக்கியாச்சு. இனி நீங்கதான் எடுத்துக்கணும் சார்” என்றார் அழகுராஜா. வெற்றியும் தோல்வியும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கின.

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு நெறி உண்டு. போட்டதை மாற்றுகிறவர் தம் கையாலேயே அடித்து, அருகில் சுருக்கொப்பமிட வேண்டும். அது தேவைப்படாமலே பணிக்காலத்தைக் கடந்தவர் அவர். இப்போது மாலைக்குத் தலை தாழ்த்தும் மன்னரைப்போல் குனிந்தார், 22.4ஐ அடித்தார், 22.7 என்று எழுதினார். ‘ஞா’ என ஒப்பமிட்டுத் தேதியும் போட்டார். நிமிர்ந்தபோது முன்னைவிட ஓரங்குலம் உயர்ந்திருந்தார்.

“இந்நூல் இரு குலத்துக்கும் பொது! முதல் வாரம் நெல்பேட்டைக்கே!” என்று அறிவித்துச் சபிஹாவிடம் நீட்டினார்.

கொடையில் தோற்கச் சம்மதிப்பாரா வஹீது? “அதெப்படி சார்? ஒப்பம் போட்ட கை உங்க கை. ஐரின் புள்ள மொதல்ல படிக்கட்டும்” என்று திருப்பித் தள்ளினார். முன்பு இழுத்த வேகத்துக்குக் குறையாமல் இப்போது இருவரும் தள்ளினர். நீலக் கவசம் நடுங்க, சந்தில் போவோர் நின்று பார்க்க, இரண்டாம் போர் மூண்டது.

ஐரின் நடுவில் கைவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.