முருகன் போட்ட இரண்டாவது சம்பளம்

தயாளன் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தான். தள்ளி வைத்தும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அந்த மாதச் சம்பளம் இரண்டு முறை விழுந்திருந்தது.

கடற்பாலத்துக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். அங்கே சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு போடுவார்களே தவிர, கூட்டிப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. உடனே அவன் கண்முன்னே ஒரு தூண்டில் ஆடியது. டத்தோ கிராமாட் சாலைக் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால், ஜப்பானிலிருந்து வந்து அவனுக்காகவே காத்திருக்கும் தூண்டில்.

“லோகா! ரெண்டு சம்பளம் வந்திருக்கு!”

வாயை அடக்காததுதான் அவன் செய்த முதல் தவறு.

லோகேஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டாள். “ஆபிஸ்ல தப்பா போட்டிருப்பாங்க. போன் பண்ணித் திருப்பிக் குடுத்திடுங்க.”

“தப்பா? போன வாரம் தண்ணீர்மலைக் கோயில்ல என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ‘முருகா, ஒரு நல்ல தூண்டிலுக்கு வழி காட்டு’ன்னு. காட்டிட்டாரு!”

“அவரு பிறை பேக்டரி வழியாவா காட்டுவாரு?”

“மயில்ல வர்றவருக்குப் பாலத்துல டோலா கேப்பாங்க? சாமி குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா சாமிக்கு அவமானம்லா!”

லோகேஸ்வரி சண்டை போட்டிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். அது பழகிய சத்தம். அவளோ, “சாமி குடுத்ததுன்னா சரிதாங்க, பசியாறுங்க” என்று தோசையைத் தட்டில் வைத்தாள். தயாளன் பாலம் தாண்டும்வரை மோட்டார் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

சம்பள நாள் என்றால் அவன் வீட்டில் கோழிக்கறி. சாயங்காலம் வாசற்படியிலேயே மூக்கை விரித்தான். கறி வாசம் இல்லை. கூடத்தில் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு, தையல் அளவு நாடாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தைப்பூசத்துக்கு ஊரில் பாதிப் பேருக்கு அலகு குத்துகிறவர் அவர்தான்.

“கறி எங்க லோகா?”

“தைப்பூசம் வரைக்கும் விரதங்க.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். இவ்வளவு குடுத்த சாமிக்கு நாம ஒண்ணும் செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

அய்யாக்கண்ணு எழுந்து தயாளனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். “நல்ல சதைப்பிடிப்பு தம்பி. வேலு சுளுவா இறங்கும்.”

தொழிற்சாலையில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை நடந்தபோது, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தவன் தயாளன். ஊசி குத்தியது பக்கத்தில் நின்ற சக தொழிலாளி இக்மலுக்கு.

“அண்ணே... பால்குடம் எடுத்தா போதாதா?”

“போனஸு வந்தா பால்குடம் எடுக்கலாம் தம்பி. முழுச் சம்பளத்துக்கு அலகுக் காவடிதான்லா முறை.” அய்யாக்கண்ணு அவன் முதுகை நாடாவால் அளந்தார். “அகலமான முதுகு. வரிசையா கொக்கி மாட்டலாம். கயித்தைக் கட்டிப் பின்னால ஓர் ஆள் இழுப்பாரு. துள்ளாம இருக்கணும், அவ்வளவுதான்.”

முதுகில் கொக்கி. கொக்கியில் கயிறு. கயிற்றை இழுக்க ஓர் ஆள். மீன்கள் படும் பாடு தயாளனுக்கு அன்றுதான் விளங்கியது.

அய்யாக்கண்ணு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனதும் கதவைச் சாத்தினான்.

“லோகா, அதை முருகன் குடுக்கல!”

“காலையில குடுத்தாருன்னீங்களே?”

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆபிஸ்ல சம்பளம் போடுற நோர்மா ரெண்டு தரம் பட்டனை அமுக்கிட்டா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாமிக்கு அவமானமாயிடப் போவுது.”

“சத்தியமா நோர்மாதான்!”

“அப்ப முருகனுக்கு ஒண்ணும் செய்ய வேணாம். நோர்மாகிட்டயே குடுத்திடுங்க” என்று கைப்பேசியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

முதல் மணியிலேயே நோர்மா எடுத்தாள். அழுது கம்மிய குரல். அவன் விஷயத்தைச் சொன்னதும் மலாயில் நன்றியாகக் கொட்டினாள். நாளைக்குள் அந்தப் பணம் திரும்பாவிட்டால் அவள் வேலையே போய்விடுமாம்.

“அக்கா சொன்னபடியே நடந்துடுச்சு அண்ணே!”

“எந்த அக்கா?”

“உங்க வீட்டு அக்காதான். ‘அழாதே, சாயங்காலம் சாப்பிடுறதுக்கு முன்னால அவரே கூப்பிடுவாரு’ன்னு மத்தியானமே சொன்னாங்க.”

ஹரிராயாப் பெருநாள் விருந்தில் நோர்மாவிடம் லோகா ரெண்டாங் இறைச்சிக்கறியின் செய்முறை வாங்கிய நாளிலிருந்து இருவரும் தோழிகள் என்பது தயாளனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மனைவியைப் பார்த்தான். காலையில் ஒரே ஒரு முறைதான் அவள் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவே இல்லை. அவனையே சொல்ல வைத்தாள், அதுவும் சத்தியம் செய்து. ஒரு பெண்ணின் வேலையும் பிழைத்தது, புருஷனின் பேரும் கெடவில்லை. தயாளனுக்குக் கோபமே வரவில்லை. எழுந்து நின்று கைதட்டத்தான் தோன்றியது.

தூண்டில் போனால் போகிறது. அய்யாக்கண்ணு அண்ணனிடம் மட்டும் அலகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. திறந்தான். இரண்டு கையாலும் ஒரு சட்டியைப் பிடித்தபடி அய்யாக்கண்ணு நின்றார்.

“லோகா, தம்பி ஒத்துக்கிட்டாரா இல்லையா? எங்க வீட்டுல ஒளிச்சு வச்ச கோழிக்கறி ஆறுதுலா!”