யானைக்காது பஜ்ஜி

கைப்பேசியில் பத்து நிமிட வீடியோ பார்த்தவளைப் போலத் தன்னம்பிக்கை உள்ளவள் உலகத்தில் கிடையாது. நான் அப்படித்தான் செடி நிபுணர் ஆனேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஒரு செடி வளர்த்தேன். நர்சரிக்காரர் யானைக்காது என்று சொல்லிக் கொடுத்தது. தொழு உரம் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியதில் ஒவ்வோர் இலையும் முறம் அளவுக்கு விரிந்தது. (குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நான் குளிக்காமல் இருந்திருக்கிறேன். செடி இருந்ததில்லை.)

"இது சேம்புதாம்மா. இலையில பஜ்ஜி போடலாம்" என்று தீர்ப்பு வழங்கினேன்.

"ஏடி, சேம்பு இலை தரையைப் பாத்துத் தொங்கும். இது ஆகாசத்தைப் பாத்துல்ல நிக்குது?" என்றார் அம்மா.

"நல்லா வளத்தா எதுவும் நிமிந்துதான் நிக்கும்."

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு வீட்டார் 'போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று போனவர்கள், போனவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் அப்பா நொறுங்கிவிடுவார். எனக்கோ போட்டோவிலேயே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. எல்லா வீட்டிலும் போடுகிற வாழைக்காய் பஜ்ஜி வேண்டாம், என் திறமை தெரியட்டும் என்று யானைக்காது இலையை நறுக்கி மாவில் தோய்த்துப் போட்டேன்.

சபையில் மாப்பிள்ளை முதலில் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைப்பார்கள். அந்த வழக்கம்தான் அன்று பல பேரைக் காப்பாற்றியது.

"எம் பொண்ணு அவளே வளத்த சேம்பு இலைங்க" என்று அப்பா பெருமையாகச் சொல்ல, மாப்பிள்ளை ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. பக்கத்தில் அவருடைய அம்மா ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். இவர் பாய்ந்து அதைப் பிடுங்கினார். அடுத்து, தன் மாமாவின் தட்டையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கூடமே சிரித்தது. "ஏனுங்க, பெத்தவளுக்கே குடுக்க மாட்டேங்கறானுங்க! பையனுக்குப் புடிச்சுப் போச்சு. தட்டு மாத்திக்கலாமுங்க" என்றார் மாமா.

அடுப்படியில் நின்ற நான் பூரித்துப்போய் ஒரு துண்டைக் கடித்தேன். நாக்கில் கம்பளிப்பூச்சிக் கூட்டமே ஊர்ந்தது. அரிப்பை முறிக்க அவசரமாகப் புளியைக் கரைத்துக்கொண்டு சபைக்கு ஓடினேன்.

"யாரும் சாப்டாதீங்க! அது சேம்பு இல்ல!"

சிரிப்பு நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை புளித்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். உதடு பணியாரம் போல் உப்பியிருந்தது.

"தெரிஞ்சும் ஏங்கண்ணு சொல்லல?" என்றார் அவர் அம்மா.

"ஆசையாச் செஞ்சிருக்காங்க. சபையில எப்படிம்மா சொல்றது?" என்றார், காற்று மட்டும் வந்த குரலில். "மாமா, தட்டு மாத்திக்கலாமுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. (தொண்டை அரிப்பும் ஒரு காரணம்.)

இன்றும் எங்கள் வீட்டில் நான் கீரை வைத்தால்கூட மாமியார் தட்டை முதலில் மகன் பக்கம் நகர்த்துவார். "நீ தின்னுட்டுச் சொல்லு கண்ணு." எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். அவர் மெல்ல மென்று, விழுங்கி, வேண்டுமென்றே உதட்டைத் தடவிப் பார்ப்பார். நான் இன்னமும் புளி டப்பாவைத் தேடி அடுப்படிக்கு ஓடுவேன்.