பந்தக்காலைத் தோண்டிய மாப்பிள்ளை

சந்தேகப்படுவதற்கென்றே ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்தால், அவன் முதலில் திருடர்களைச் சந்தேகப்படுவான். பிறகு கண்ணில் படுகிறவர்களையெல்லாம். கடைசியில் தன் கல்யாணப் பந்தலையே. அந்தக் கடைசிப் படிவரை ஏறியவன் நான்.

ஜெர்மன் சண்டை முடிந்த புதிதில், எண்ணூர்க் கடலோரம் இருந்த சர்க்கார் சவுக்குக் காடு என் பொறுப்பில் வந்தது. (காடு என்றதும் புலி, யானை என்று நினைக்க வேண்டாம். அங்கே இருந்த கொடிய பிராணி நண்டு.) பட்டணத்து அடுப்புகளுக்கு அங்கிருந்துதான் விறகு போகும். மரம் வெட்டி ஏலம் விடுவது, கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவிப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பங்கழியில் படகு விட வரும் துரைமார் குடும்பங்களுக்கு நிழலும் உட்கார இடமும் பார்த்துக் கொடுப்பது, வருஷத்துக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வருஷத்துக்குள் செலவழிப்பது எல்லாம் என் தலையில்.

முதல் நாளே என் மேலதிகாரியான ரேஞ்சர் சொன்னார்: "இந்தக் காட்டைக் கரையான் அரிக்கலை தம்பி, மனுஷன்தான் அரிக்கிறான். யாரையும் நம்பாதே."

யாரையும் என்றால் யார்வரை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றும் பெண்கள் அரைக்குடம்தான் ஊற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொரு கன்றின் அடியிலும் மணலுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்தேன். "இன்னா சாமி, கன்னுக்கு நாடி புடிச்சிப் பாக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டாள். குப்பத்துப் பெண்கள் கட்டிப்போன சருகுச் சுமைக்குள் கழியை விட்டுக் குத்தினேன். ஒரு துரை வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட நட்டு வைத்திருந்த குச்சிகளைச் சர்க்கார் மரம் என்று பறிமுதல் செய்தேன். மறுநாள் ரேஞ்சர் உத்தரவுப்படி நானே அவற்றைச் சுமந்துபோய், கப்பலில் லண்டனிலிருந்து வந்த குச்சிகள் என்ற விவரத்தையும் கேட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

பெஞ்சு செய்ய வந்த ஆசாரி ஆணி திருடுவான் என்று பட்டது. வேறு ஆசாரி தேடினேன். அவன் முழியும் சரியில்லை. இப்படியே பங்குனி வந்து, சர்க்கார் கணக்கு வருஷமும் முடிந்துவிட்டது. பெஞ்சுக்கான பணம் செலவாகாமல் சர்க்காருக்கே திரும்பிப் போயிற்று. 'செலவழிக்கவில்லையென்றால் தேவையில்லை என்று அர்த்தம்' என்று மேலிடம் அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கவும் இல்லை. துரைசானிகள் மணலிலேயே உட்கார்ந்தார்கள்.

இந்த லட்சணத்தில் வைகாசியில் எனக்குக் கல்யாணம். பெண் ராயபுரம், பெயர் தனபாக்கியம். மாமனார் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் எடை போடுகிறவர். அவர்கள் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் பந்தல்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால், பட்டு வேட்டியும் மாலையுமாக நின்ற நான் தற்செயலாகப் பந்தக்காலைப் பார்த்தேன். நெட்டையான, கோணலில்லாத சவுக்கு. பக்கத்துக் கம்பமும் அப்படியே. எல்லாம் என் காட்டு மரம்.

ஏலத்தில் விற்ற மரத்தின் அடியில் சர்க்கார் சுத்தியலால் முத்திரை குத்துவோம். முத்திரை இல்லாதது திருட்டு மரம். ரேஞ்சரோ முன்வரிசையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திருட்டு மரத்தடியில் நின்று நான் தாலி கட்டுவதை அவர் பார்த்தால் வேலை போய்விடும். பந்தல்காரரை ஓரமாக அழைத்தேன்.

"இந்த மரம் எங்கே வாங்கினது?"

"எண்ணூராண்டதான் மாப்ளே."

"முத்திரையைக் காணோமே?"

"அது மண்ணுக்குள்ள கீது."

"யார் மண்ணுக்குள்ள வைக்கச் சொன்னது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன இன்னா, தலைகீழாவா நடுவாங்க?"

நியாயமான பதில். ஆனால் எனக்கு, 'அடேயப்பா, எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறான்' என்றுதான் தோன்றியது. மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து மூலைக்கம்பத்தின் அடியைத் தோண்ட ஆரம்பித்தேன். ராயபுரத்து மண் மணல்தானே, சுலபமாக வந்தது. பாதி தோண்டியதும் பொறுமை போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டி, மேலே இழுத்தேன்.

கம்பம் வந்தது. கூடவே பந்தலும் வந்தது.

முதலில் ஒரு மூலை சாய்ந்தது. பிறகு கீற்றெல்லாம் சரசரவென்று முன்வரிசைமேல் இறங்கியது. நாயனம் நின்றுவிட்டது. தவில் மட்டும் உள்ளே எங்கிருந்தோ கொஞ்ச நேரம் கேட்டது. நல்ல வேளை, சிராய்ப்புக்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

மாமனார் கீற்றை விலக்கிக்கொண்டு எழுந்தார். "இன்னா மாப்ளே, பொண்ணு புடிக்கலைன்னா வாயால சொல்லக்கூடாதா? பந்தலை இஸ்த்துக் கடாசணுமா?"

உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கல்யாணத்தை நிறுத்தச் சாக்குத் தேடுகிறேன் என்றார் ஒருவர். பைத்தியத்தை மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். வருஷம் முழுக்க நான் பிறரைப் பார்த்த பார்வையால் அன்று ஒரு தெருவே என்னைப் பார்த்தது. விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, பைத்தியம் என்றவர் பக்கம்தான் ஆள் சேர்ந்தது.

அப்போது ரேஞ்சர் தலைப்பாகையில் ஓலைத் துண்டோடு வந்து, கம்பத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துப் பார்த்தார்.

"ஏலத்துல போன மரம்தான். முத்திரை கோணலா விழுந்திருக்கு பார். நீ குத்தினதுதான்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

"நைனா, முத்திரை கீதாமா?"

"கீதாம், கண்ணு" என்றார் மாமனார்.

"அப்ப வந்து தாலி கட்டச் சொல்லு. நேரம் பூடும்."

பக்கத்துத் தெரு மீனவர்கள் படகுப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் கையால் தூக்கிப் பிடித்தார்கள். அந்த நிழலில், நகக்கண்ணெல்லாம் மண்ணாக, தாலி கட்டினேன்.

அதற்குப் பிறகு உறவில் எந்தக் கல்யாணமானாலும் தனபாக்கியம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள்: "அவரை நடுவுல குந்த வைங்க. கம்பத்தாண்ட வேணாம்."

எங்கள் பெண்ணுக்கு வரன் அமைந்தபோது சம்பந்தி தன் செலவில் சத்திரம் பிடித்திருந்தார். எதற்குச் சிரமம், வாசலில் பந்தல் போட்டால் போதுமே என்றேன். அவர் மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அங்கிருந்த தூணைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் கருங்கல்லு சம்பந்தி. நீங்க இன்னா வேணா தோண்டிக்கலாம்."