பரண் ஏறாத மிஷின்

"இது போயிடுச்சு எல்வுட். இனிமே இதுல ஒண்ணும் இல்ல," என்றாள் நெட்டி. குளிர்கால மேலங்கியை மாட்டிக்கொண்டு சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளாக மிஷின் மூச்சுவிடவில்லை. குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் அந்த வீட்டுக்கு அந்த ஒரே மிஷினிலிருந்துதான் வந்தாக வேண்டும். பதினாலு வருடமாகக் கடலைப் பார்த்தபடி உப்புக்காற்றில் நின்றதில் அதன் வெளித்தகடு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. தொட்டால் உதிரும். மார்ச் மாதக் கடைசி வேறு. காலையில் பல் கிட்டியது. மதியம் சட்டை முதுகோடு ஒட்டியது.

"யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா?"

"பார்த்து என்ன ஆகப் போகுது? உப்பு தின்னுடுச்சு. கதவுக் கீலைத் தின்னுச்சு, என் தையல் மிஷினைத் தின்னுச்சு, இப்ப இது. அடுத்தது நாமதான்."

எல்வுட் ஃபுல்ச்சர் தலையை ஆட்டினார். இருபத்தொன்பது வருடம் காயலின் இக்கரைக்கும் அக்கரைக்கும் அரசாங்கப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தக் காற்றுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தெரியும்.

"நாளைக்கு நான் ராலே கிளம்பறேன்," என்று தட்டை அவர் முன்னால் வைத்தாள் நெட்டி. "அக்கா கோராவுக்கு முட்டி ஆபரேஷன். மூணு வாரம் அவளோட இருக்கணும். அவ அடுக்குமாடியில மேல்வீடு காலியா இருக்காம். நான் திரும்பி வர்றப்ப இந்த வீடு மனுஷன் இருக்கற மாதிரி இல்லேன்னா, அங்க போயிடலாம். சரிதானே?"

ராலேயிலிருந்து கடலுக்கு மூன்று மணி நேரம். எல்வுட்டைப் பொறுத்தவரை அங்கே போவதும் நிலவுக்குப் போவதும் ஒன்றுதான்.

"சரி," என்றார். முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

மறுநாள் நெட்டியின் கார் திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம், டனிஷா ஸ்ப்ரூயிலுக்குப் போன் போட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஷின் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் டனிஷாதான். அரைமணி நேரத்தில் வண்டியோடு வந்து நின்றாள்.

"உள்ள ஒரு தடவை மீட்டர் வச்சுப் பார்த்துடறேன், கேப்டன்."

"பொணத்துக்கு எதுக்கு நாடி பார்க்கறே? கழட்டும்மா."

"பத்தே நிமிஷம்..."

"எனக்கு இருக்கறதே இருபது நாள்! கழட்டு!"

டனிஷா தோளைக் குலுக்கிவிட்டுக் கழற்றினாள். வண்டியில் ஏற்றிக் கட்டியபின், ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு சொன்னாள்: "புதுசை மாட்டறதுன்னா தரையில வைக்க முடியாது. வெள்ளம் வந்ததுலேருந்து சட்டம் மாறிடுச்சு. ஒம்பது அடி உயரத்துல பரண் கட்டி அதுமேலதான் வைக்கணும்."

"ஒம்பது என்ன, பதினொண்ணா கட்டறேன். எவ்வளவு கடல் ஏறினாலும் தொடாது."

படகுத்துறைக்குப் போடுகிற பெரிய மரத்தூண்களை வாங்கிவந்து, நான்கே நாளில் தன் கையாலேயே கட்டி முடித்தார். யானையை நிறுத்தலாம் போலிருந்தது. அந்தக் கரையில் அதைவிட உயரமான பரண் வேறில்லை.

ஐந்தாம் நாள் டனிஷா புது மிஷினோடு வந்தாள். எல்வுட் அதை ஒருமுறை சுற்றிவந்தார்.

"இதுக்கு உப்பு தாங்கற பூச்சு இருக்கா?"

"அது வேணும்னா வேற கொண்டுவரணும். ஒம்பது நாள் ஆகும்."

"கொண்டு வா. மறுபடி அப்பளமாக விடமாட்டேன்."

அந்த ஒன்பது நாளும் பரண் காலியாக நின்றது. மூன்றாம் நாள் காலை அதன்மேல் நான்கு குச்சிகள் கிடந்தன. காற்றில் வந்திருக்கும் என்று எடுத்துப் போட்டார். மாலையில் நாற்பது குச்சிகள். கூடவே விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு ஒன்று, நகத்தில் துடிக்கிற மீனோடு உட்கார்ந்து, வீட்டுக்காரனைப் பார்க்கும் வாடகைக்காரனைப் போல அவரைப் பார்த்தது.

எல்வுட் கடைக்குப் போய் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வாங்கிவந்து பரணில் ஆணியடித்து நிறுத்தினார். மறுநாள் பார்த்தால் ஆந்தையின் கழுத்தைச் சுற்றிக் குச்சிகள் பின்னப்பட்டிருந்தன. கூட்டுக்கு நல்ல நடுத்தூண் கிடைத்திருந்தது.

ஏணி வைத்து ஏறினார். ஜோடியில் பெண்பறவை தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே பாய்ச்சலில் அவருடைய கேப்டன் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. மதியத்துக்குள் தொப்பியும் கூட்டில் இடம் பிடித்துவிட்டது.

தினமும் மாலையில் நெட்டி போன் செய்வாள்.

"என்ன சத்தம் அது, விசிலடிக்கற மாதிரி?"

"அதுவா... புது மிஷினை ஓட்டிப் பார்க்கறாங்க."

"அதுக்குள்ளயா புதுசு வாங்கிட்டே?"

"உனக்காகத்தான்," என்றார் எல்வுட் பெருமையாக.

"ஓ," என்றாள் நெட்டி. மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று எல்வுட் நினைத்துக்கொண்டார்.

பூச்சுப் போட்ட மிஷின் வந்த அன்று கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. டனிஷா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. "கேப்டன், முட்டை இருந்தா நான் கைவைக்க மாட்டேன். இது சட்டம் காக்கற பறவை. ஜெயிலுக்குப் போக எனக்கு நேரமில்ல."

அடுத்த வாரம் வனவிலங்கு அதிகாரி பிரைஸ் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். நீளக் கழியில் கட்டிய கண்ணாடியில் முட்டைகளைப் பார்த்துவிட்டு எல்வுட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள். இவ்வளவு உறுதியான பரணை நாங்களே கட்டினதில்ல, சார்."

"அது மிஷினுக்குக் கட்டினது!"

"குஞ்சு பறக்கற வரைக்கும் வீட்டுக்கிட்ட எந்த வேலையும் வேண்டாம். ஆகஸ்ட் ஆகலாம்."

மறுநாள் நெட்டி திரும்பினாள். காரைவிட்டு இறங்கி, தலையை நிமிர்த்தி, வைக்கோல்போர் அளவுக்கு இருந்த கூட்டைப் பார்த்தாள். அதில் கழுத்துவரை புதைந்திருந்த ஆந்தையையும் புருஷனின் தொப்பியையும் பார்த்தாள்.

"எல்வுட். மிஷின் எங்க?"

"கார் கொட்டகையில. புத்தம் புதுசு. பெட்டி பிரிக்கல."

"அப்ப மேல இருக்கறது யாரு?"

"குடித்தனக்காரங்க."

நெட்டி சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ராலே வீட்டின் ஒப்பந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். எல்வுட் பேனாவைத் தேடினார். சொன்ன சொல் சொன்னதுதான். பேனா கிடைக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. முதல் இழுப்பறையிலேயே கிடைத்துத் தொலைத்தது.

"இப்ப என்ன அவசரம்? நாளைக்குப் போடலாம்," என்று நெட்டி படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

அந்த வீடு தூண்களின்மேல் நிற்கிற வீடு. சமையலறை ஜன்னலும் கூடும் ஏறக்குறைய ஒரே உயரம். மறுநாள் காலை மழை. நெட்டி காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனபோது, எதிரே பெண்பறவை முட்டைகள்மேல் இறக்கையைக் குடையாக விரித்து நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது.

"அவன் எங்கே?" என்றாள் நெட்டி.

"யாரு?"

"இவ புருஷன். மணி எட்டாகுது, இன்னும் மீன் வரல."

"மழைல மீன் கண்ணுக்குத் தெரியாது நெட்டி."

"நீயும் இப்படித்தான். மழை, அலை, காத்துன்னு ஏதாவது காரணம் சொல்லிட்டு லேட்டா வருவே."

ஒன்பது மணிக்கு ஆண்பறவை பெரிய மீனோடு வந்து சேர்ந்தது. "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று நெட்டி கையிலிருந்த கரண்டியை ஆட்டினாள்.

அப்புறம் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட நாளே அமையவில்லை. முட்டை பொரியட்டும் என்றாள். பொரிந்தது. இறகு முளைக்கட்டும் என்றாள். முளைத்தது. மிஷின் இல்லாததால் ஜூன் மாதப் புழுக்கத்துக்கு வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார்கள். பதினாலு வருடத்தில் முதல்முறையாகக் காயல் காற்று முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போனது. அலமாரிகளின் பூசண வாடையை அது கையோடு கொண்டுபோனது. ராச்சாப்பாட்டை இருவரும் முன்கட்டு நிழலில், வேர்த்து ஒழுகிக்கொண்டு, வறுத்த மீனும் சோள ரொட்டியுமாகப் பொழுது சாயும் முன்பே சாப்பிட்டார்கள். இவ்வளவு பேசிச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எல்வுட் எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

மூன்று குஞ்சுகளில் கடைக்குட்டி சதா கத்தும். அதற்கு நெட்டி தன் அக்காவின் பெயரை வைத்தாள்: கோரா.

ஜூலைக் கடைசியில் பெரிய குஞ்சுகள் இரண்டும் பறந்தன. கோரா மட்டும் விளிம்பில் நின்று இறக்கையை அடிப்பதும் பின்வாங்குவதுமாக ஒரு வாரம் ஓட்டியது. நெட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ராலேயிலிருந்து, காலியாக இருந்த மேல்வீட்டின் சொந்தக்காரி போன் செய்தாள். எல்வுட் கூடத்தில் அசையாமல் நின்று கேட்டார்.

"இல்லம்மா, எங்களுக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு இங்க வீட்ல குழந்தைங்க இருக்கு," என்று நெட்டி போனை வைத்தாள்.

எல்வுட் கொட்டகைக்குப் போய், மிஷின் பெட்டிமேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கோரா பறந்தது. தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் தடுமாறி, எழும்பி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. நெட்டி எல்வுட்டின் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

பிரைஸ் அனுமதி கொடுத்தார். டனிஷா வந்தாள்.

"கூட்டைத் தொடக்கூடாது," என்று நெட்டி வாசலிலேயே தடுத்தாள். "மார்ச்சுல திரும்பி வருவாங்க. நாங்களும் இங்கதான் இருப்போம். மிஷினுக்கு அந்தப் பக்கம் வேற பரண் கட்டியாச்சு."

"ஒம்பது அடி தானே, கேப்டன்?"

"அளந்து ஒம்பது. ஒரு விரல் கூட அதிகமில்ல."

தன் பெயர் கொண்ட பறவையைப் பார்க்க நெட்டியின் அக்கா கோராவும் அன்று ராலேயிலிருந்து வந்திருந்தாள். புது முட்டியை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு இனிப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஊருக்கே காது மந்தம் என்ற நினைப்பில்தான் பேசுவாள்.

மிஷின் ஏறியது. குழாய்கள் இணைந்தன. டனிஷா உள்ளே வந்து கூடத்துச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். எல்வுட்டும் வந்து அழுத்தினார்.

"புதுசும் செத்துடுச்சா? பூச்செல்லாம் போட்டு வாங்கினேனேம்மா!"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, கேப்டன்," என்று டனிஷா தலையைச் சொறிந்தாள். "வீட்லேருந்து அதுக்குக் கரண்டே வரல. அதான் எனக்குப் புரியல."

நெட்டி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். "கைக்குட்டை எடுத்துட்டு வந்துடறேன்," என்று யாரையும் பார்க்காமல் படுக்கையறைப் பக்கம் நடந்தாள்.

கோரா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காயலின் அக்கரைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏய் நெட்டி, எல்வுட்டை ராலேக்குக் கிளப்பறதுக்காக உன் துணி அலமாரிக்குள்ள மிஷின் ஸ்விட்சை அணைச்சு வச்சேன்னு சொன்னியே, அதை இன்னுமாடி போடாம வச்சிருக்கே?"