ஐம்பத்து நாலு படி

சலூன்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். திங்கட்கிழமை கடைக்குப் போவது. செத்தாலும் போவது.

காய்ச்சல் விட்டு ஆறு வாரம். ஏதோ வைரஸ். இருந்தது நாலே நாள். விருந்தாளி போய்விட்டான், மூட்டை முடிச்சை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பல் தேய்த்தால் களைப்பு. சட்டை மாட்டினால் மூச்சு வாங்குகிறது. மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார், அது மூக்கிலேயே இருக்கிறது. பேச ஆரம்பித்தால் பாதியில் மீதி காணாமல் போகிறது.

"இப்படித்தான் கொஞ்ச நாள் இழுக்கும். உடம்பு உக்காருன்னு சொன்னா உக்காந்துடுங்க" என்றார் டாக்டர். மனைவி கேட்டுக்கொண்டாள். இவர் கேட்கவில்லை.

இவருடைய கவலை வேறு. கடையை மச்சினன் பார்த்துக்கொள்கிறான். மனைவியின் தம்பி. வியாழக்கிழமை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே நோட்டுக்கடைக்காரர் போனார். இருபது வருஷமாக இவர் வெட்டிய மண்டை. புதிதாக வெட்டியிருந்தது. அழகாகவும் இருந்தது.

"உன் தம்பி என் மண்டையெல்லாம் பிடுங்கிக்கிட்டான்."

"மண்டை அவங்கவங்களோடது. உங்களுக்குன்னு இருக்கறது ஒண்ணு. அதுவும் இப்ப சரியில்ல."

"திங்கக்கிழமை நான் போறேன்."

"போங்க. ஒரு பரீட்சை வைப்பேன். அதுல தேறிட்டுப் போங்க."

"என்ன பரீட்சை?"

"கீழேருந்து வீடு வரைக்கும் நிக்காம ஏறி வரணும். ஒவ்வொரு படியும் சத்தமா எண்ணிக்கிட்டே. நான் வாசல்ல நின்னு கேப்பேன். மூச்சு இருந்தாத்தானே எண்ண முடியும்?"

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஐம்பத்து நாலு வரைக்கும் எண்ணிடும். உங்களைத்தான் சொல்ல முடியாது."

வீடு மூன்றாம் மாடி. மாடிக்குப் பதினெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை இறங்கிப் போய் வீரமாக ஆரம்பித்தார். இருபத்திரண்டு வரை வந்தார். அப்புறம் காற்று வந்தது, எண் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலிருந்து குரல் வந்தது. "அடுத்தது இருபத்து மூணுங்க."

நேர்வழிக்கு மூச்சு வேண்டும். குறுக்குவழிக்கு மூளை போதும். அதிலும் பாதிதான் மிச்சம், இருந்தாலும் இவளுக்கு அது தாராளம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் போட்டார். படிக்கட்டு எதிரொலிக்கும், குளியலறையும் எதிரொலிக்கும். அது இவராகக் கண்டுபிடித்த நுணுக்கம். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து ஐம்பத்து நாலு வரை கணீரென்று எண்ணிப் பதிவு செய்தார். எண்ணுக்கு எண் நல்ல இடைவெளி விட்டார். கேட்பவருக்கு நிதானமான மனிதர். உண்மையில் மாடிப்படி வளைவுக்கு வளைவு உட்கார்ந்து எழுந்திருக்க நேரம். வெளியே வீடு வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் அவர் காதில் விழுந்து பல வருஷமாகிறது.

பதிவு முடிந்ததும் தன்னையே மெச்சிக்கொண்டார். வேறு யாரும் மெச்சுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. போன் சட்டைப் பையில். சத்தம் முழுசாக. பை எண்ணியது, இவர் வாயை மூடிக்கொண்டு ஏறினார். முதல் வளைவில் உட்கார்ந்தார். பை எண்ணிக்கொண்டே இருந்தது. இரண்டாம் வளைவில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். பைக்குக் களைப்பே இல்லை. தன் குரலைக் கேட்டு அவருக்கே பொறாமையாக இருந்தது. கடைசி மூன்று படி வந்ததும் போனை அணைத்தார். "ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூணு, ஐம்பத்து நாலு" என்று சொந்த வாயால் சொல்லிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

மனைவி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள்.

"சரி. நாளைக்குக் கடைக்குப் போங்க."

முப்பது வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் படுத்தார்.

திங்கட்கிழமை. "வாங்க மாமா" என்று மச்சினன் கத்தரியைத் துடைத்துக் கொடுத்தான். நோட்டுக்கடைக்காரர் கிருதாவைச் சரிசெய்ய வந்து உட்கார்ந்தார். இவர் வலதைக் குறைத்தார். இடது நீளமாகத் தெரிந்தது. இடதைக் குறைத்தார். கடைசியாக எந்தப் பக்கம் வெட்டினோம் என்பது மறந்துபோயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் குறைத்தார்.

"மாஸ்டர், கிருதா இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"காது" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்போல.

அதற்குள் கால் பஞ்சாகிவிட்டது. கத்தரி பாறாங்கல்லாகிவிட்டது. பக்கத்துச் சுழல் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தார்.

விழித்தபோது மணி ஐந்து. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எதிர்க் கண்ணாடியில் ஐந்து வயசு குறைந்த ஒரு ஆள், ஒட்ட வெட்டிய தலையோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"அக்கா காலையிலேயே போன் பண்ணிட்டா மாமா. பதினொரு மணிக்குள்ள உக்காந்துடுவாரு, உக்காந்தா தூங்கிடுவாரு, தூங்கறப்பவே முடியை வெட்டிடு, முழிச்சிருந்தா உன் கையில தலையைக் குடுக்க மாட்டாருன்னு சொன்னா."

தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் குறை தேடினார். வெட்டு சுத்தமாக இருந்தது. அதுதான் வலித்தது.

"பின்னால ரொம்பத் தூக்கிட்ட."

"இல்லையே மாமா."

"தெரியும்."

மச்சினன் துணியை அவிழ்த்து உதறினான். "எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. அவர் எப்ப வருவாருன்னு."

அவருக்கு உயிர் வந்தது. "நீ என்ன சொல்ற?"

"படி ஏறினதும் வருவாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தெருவுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தார். முதல் வளைவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. வீட்டு நாற்காலி. கேள்வி கேட்காமல் உட்கார்ந்தார். இரண்டாம் வளைவில் இன்னொன்று, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். அதிலும் உட்கார்ந்தார். முப்பத்தாறு படி ஆகியிருந்தது. இன்னும் பதினெட்டு. மானம் எப்போதோ கீழேயே இறங்கிப் போய்விட்டது.

"ஏங்க, காபி ஆறுது" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வரேன். இன்னும் மூணு வாரம் நான் கடைக்குப் போகல."

"நானா போக வேண்டாம்னு சொன்னேன்?"

"நீ சொல்லல. நானேதான் சொல்றேன்."

"சரி, மெதுவா வாங்க. இன்னிக்காவது காபின்னதும் பதில் சொன்னீங்களே. நேத்து இதே முப்பத்தாறுல உங்க சட்டைப் பைக்குள்ளேருந்து காபி ஆறுதுன்னு முந்தாநாள் நான் கூப்பிட்டது, வாசல்ல நின்ன எனக்கே கேட்டுது."