தவமிருந்து பெற்றவனின் ரத்த அழுத்தம்

"கையை அசைக்காதடா!" என்று தையல்காரர் போட்ட சத்தத்தில், அவருடைய மூத்தவன் கையில் கட்டியிருந்த ரத்த அழுத்தக் கருவி நூற்றைம்பது காட்டியது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மனைவியிடம்.

"நீங்க கத்துனா யாருக்குத்தான் ஏறாது?"

அது அவர் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, சோதனைக்குழாய் முறையில் பெற்ற பிள்ளை அவன். அப்படிப் பிறந்தவர்களுக்கு வளர்ந்த பிறகு ரத்த அழுத்தம் சற்றுக் கூடலாம் என்று ரேடியோவில் ஒரு டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வீட்டில் உப்பை நிறுத்தினார். மூத்தவனின் சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் தங்கையிடம் போயின.

"நீ சாப்பிடு. உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே."

மூத்தவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கடையில் போய்த் தின்றான். அழுத்தம் ஏறியது. வெளியே போகாதபடி அவன் சைக்கிளைப் பூட்டினார். வேலைக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். இன்னும் ஏறியது. மத்தியானம் அவன் தூங்கும்போது பூனைபோல் போய்க் கருவியின் பட்டையை அவன் கையில் சுற்றினார். அவன் அலறி எழுந்ததில் கருவி கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

கடைசியில் குடும்பத்தோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பையனைப் பார்த்தார். பிறகுதான் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"நார்மல் சார். கூடலாம்னுதான் சொல்றாங்க, கூடியே தீரும்னு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும். நீங்க பக்கத்துல இல்லேன்னா பையன் நல்லாவே இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "உங்க மெஷின் சரியா இருக்கான்னு இவளுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்று இளையவளை முன்னால் தள்ளினார்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. அடுத்த கையிலும் கட்டிப் பார்த்தார்.

"ரொம்ப அதிகமா இருக்கே. தலைவலி உண்டாம்மா?"

"ரெண்டு மூணு வருஷமா இருக்கு."

"இவளுக்குக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"இவளுக்கா? இவ... தானா பொறந்தவ சார்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. எத்தனையோ பேரின் கைகளை அளந்தவர், இந்தக் கையைத் தொட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

இளையவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சிரித்தாள்.

"என்னையும் அந்தக் குழாயிலயே பெத்திருக்கலாம்லப்பா."