கணினிப் பெரியவரின் பணிநிறைவு விழா

நன்றி என்ற குணம் இந்தப் பூமியில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கு முழுப் பொறுப்பு எங்கள் கோக்-தாலா மாவட்ட நீர்ப்பங்கீட்டு அலுவலகம்தான். அந்த அலுவலகத்தின் துணைத் தலைவன் என்பதால் இதைச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். மற்ற ஊர்களில் ஒரு கணினி கிழடு தட்டினால் தூக்கிக் கிடங்கில் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதற்கு ஆடு அறுத்தோம்.

எங்கள் கணினியை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். காலையில் பொத்தானை அழுத்தினால், முதல் தேநீர் முடியும்போது கண் விழிப்பார். இரண்டாவது தேநீர் முடியும்போது எழுத்துகள் தெரியும். அவசரம் என்ற கெட்ட பழக்கமே அவரிடம் கிடையாது. மாவட்டத்தில் யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறை முழுவதும் அவருக்குள்தான் இருந்தது. அவர் அச்சடித்துத் தரும் நீர்ச்சீட்டைக் காட்டினால்தான் மதகுக்காரர் ஈசாக் சக்கரத்தைச் சுற்றுவார். சீட்டு இல்லையென்றால் கால்வாய் கரைபுரண்டு ஓடினாலும் வயலுக்கு ஒரு சொட்டு போகாது. இதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

பெரியவரின் திரையில் ஒரு பச்சை மலை, மேலே நீல வானம், இரண்டு துண்டு மேகம். அது தன் தாய்மாமன்கள் கோடையில் மந்தை ஓட்டிப்போகும் மேய்ச்சல் மலைதான் என்பது அண்ணன் என்ற மரியாதையில் நாங்கள் 'பைகே' என்று அழைக்கும் எங்கள் தலைவர் தோலோன் பைகேயின் உறுதியான கருத்து. தன் தாத்தா குதிரை கட்டிய இடம் அது என்பது ஈசாக்கின் கருத்து. "அப்படின்னா ஒரு கூடாரத்தையும் காணோமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "படம் எடுத்த அன்னிக்குத்தான் கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுக் கீழ எறங்கினாங்க. புல்லைப் பாத்தா தெரியல?" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இப்படி நாங்கள் நிம்மதியாக இருந்தபோது தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரியவருக்குள் இருக்கும் இயங்குதளத்தைச் செய்தவர்கள் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்களாம். இனி அதைப் பழுது பார்க்கமாட்டார்களாம். ஆகவே உடனே புதிய கணினிக்கு மாறவேண்டுமாம். சுற்றறிக்கையோடு புதிய கணினியும் பெட்டியில் வந்து இறங்கியது.

தோலோன் பைகே அவசரக் கூட்டம் போட்டார். "எங்கயோ எவனோ கைவிட்டுட்டான்னா, நாமளும் கைவிடணுமா?" என்று கேட்டார். "பெத்த புள்ளைங்க கைவிட்ட கெழவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வாய் ரொட்டி குடுக்க மாட்டானா? நாம என்ன மனுசங்க இல்லையா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புதிய கணினியின் பெட்டி உயரத்தில் சரியாக இருந்ததால் அதன்மேல் துணி விரித்துத் தேநீர் மேசையாக்கினோம். வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூடப் பழுதானதில்லை.

இதைப் பொறுக்க முடியாமல்தானோ என்னவோ, கோடை நடுவில் தலைநகரம் ஒரு பெண்ணை அனுப்பி வைத்தது. பெயர் பெரிசாத். முதுகில் பை, கையில் திருப்புளி. கால் வைத்ததும், நாங்கள் கொடுத்த தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு, வேலையைப் பற்றிப் பேசினாள். உட்காரவில்லை, எங்கள் ஆடுமாடுகளின் நலம் விசாரிக்கவில்லை.

"புதுக் கணினி எங்க பைகே இருக்கு?"

"நீ தேத்தண்ணி வச்சிருக்கியே, அதுக்கு அடியில" என்றேன்.

அவள் கோப்பையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரு வருசமா பிரிக்கவே இல்லையா?"

"பிரிச்சா எங்க உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறது, மகளே?" என்று தோலோன் பைகே நியாயத்தைக் கேட்டார்.

"பழசை இப்படியே ஓட்டினா ஆபத்து, பைகே. வைரஸ் பூந்துடும்."

"எங்க ஊர்க் காத்து சுத்தம். இங்க எவனுக்கும் சளிகூடப் புடிக்காது."

அவளும் விடவில்லை. "அரை மணி நேரம் குடுங்க. பழசுல இருக்கிற மொறைய எல்லாம் புதுசுக்கு மாத்திடறேன். அப்புறம் சீட்டு நிமிசத்துல வரும்."

தோலோன் பைகேயின் முகம் மாறியது. "உயிரோட இருக்கிறவரோட மனசுல உள்ளதை வழிச்செடுக்கிறதா? நம்ம பக்கத்துல அப்படிச் செஞ்சா மானம் போயிடும், மகளே."

ஆனாலும் தலைநகரத்து உத்தரவு உத்தரவுதானே. அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும், பெரியவருக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். தோலோன் பைகே பெரிய மனது பண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர் முறைப்படி ஓய்வு பெறுவார். எங்கள் வழக்கப்படி ஆடு அறுத்து, தலையில் கல்பாக் தொப்பி வைத்து, தோளில் பஞ்சு தைத்த சபான் அங்கி போர்த்தி, ஆசி கூறி அனுப்பி வைப்போம். அதன்பிறகு பெட்டியைப் பிரிக்கலாம். மறுநாளே விழா என்று முடிவானது.

மறுநாள் காலையில் நாங்கள் அலுவலகத்தில் மெத்தை விரித்துக்கொண்டிருந்தபோது புருல்சா எஜே வந்தார். எஜே என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. கால்வாய்க்கரையில் வெங்காயம் போட்டிருப்பவர். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வெங்காயம்தான் அவர்களுக்கு அடுத்த குளிர்காலம். எஜேக்கு என்னைவிட வயது அதிகம், வாய் அதைவிட அதிகம்.

"மெலிஸு, இன்னிக்கு என் மொறை. சீட்டைக் குடு, போறேன்" என்றார்.

"உக்காருங்க எஜே. இன்னிக்குப் பெரியவருக்கு விழா."

"எந்தப் பெரியவருக்கு?"

காட்டினேன். எஜே கணினியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சீட்டைக் குடுத்துட்டு விழா கொண்டாடுங்களேன். இன்னிக்குத் தண்ணி பாயலைன்னா வெங்காயம் திரளாது. அடுத்த மொறை வர்றதுக்குள்ள கருகிப்போயிடும்."

"மரியாதை செய்யற நாள்ல அவருகிட்ட வேலை வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் தோலோன் பைகே.

"என்கிட்ட எந்த நாள்லயும் வேலை வாங்கறாங்களே, எனக்கு ஏதாவது அங்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டபடி எஜே வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். விழா முடிந்ததும் முதல் சீட்டு அவருக்குத்தான் என்று தோலோன் பைகே வாக்குக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தின் மனிதாபிமானத்துக்கு இது ஒன்று போதும்.

விழா சிறப்பாக நடந்தது. வாசலுக்கு நேர் எதிரே, மூத்தவர்கள் உட்காரும் இடத்தில், பட்டு மெத்தை போட்டுப் பெரியவரை அமர்த்தினோம். கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கு ஆசி கூறுவது வழக்கமில்லை என்பதால் இயங்கும் நிலையிலேயே வைத்தோம். திரையில் பச்சை மலை தெரிந்தது. தோலோன் பைகே இரண்டு கைகளாலும் கல்பாக்கை எடுத்துத் திரையின் உச்சியில் வைத்தார். அப்புறம் நான் நீல வெல்வெட் சபானைப் பெரியவரின் உடம்பின் மேல் போர்த்தி, நழுவாமல் இடுப்புக் கச்சையால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். அலுவலகமே கை தட்டியது.

பெரிசாத் மட்டும் எழுந்து நின்றாள். "பைகே, அது மூச்சு விடற ஓட்டையெல்லாம் அடைபட்டுடுச்சு. கொதிச்சுப் போயிடும். அங்கியை எடுங்க."

கூடத்தில் எல்லார் கையும் அப்படியே நின்றது. ஈசாக் வாயில் இருந்த கறியை மெல்லுவதையே மறந்துவிட்டார்.

"போர்த்தின சபானைக் கழட்டறதா?" என்று தோலோன் பைகே மெதுவாகக் கேட்டார். "எங்கப்பா நடுக்கோடை வெயில்லயும் சபானோடதான் இருந்தாரு. ஒரு நாளும் கொதிக்கல."

"உங்கப்பாவுக்குள்ள மின்சாரம் ஓடலையே, பைகே."

"எங்கப்பாவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் திரும்ப உட்கார்ந்தாள். ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, வழக்கப்படி, பெரியவரின் முன்னால் கொண்டுபோனோம். தலையைப் பெறுபவர் காதை அறுத்து இளையவருக்குக் கொடுக்கவேண்டும். பெரியவர் கொஞ்சம் தயங்கியதால் தோலோன் பைகே அவர் சார்பில் அறுத்துப் பெரிசாத்திடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் கண் முழுவதும் அங்கிமேலேயே இருந்தது. அங்கிக்குள்ளிருந்து உர்ரென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது.

"தொண்டையைக் கனைக்கிறாரு. பேச நெனைக்கிறாரு" என்றார் ஈசாக்.

"மனசு நெகிழ்ந்து போச்சு அவருக்கு" என்றேன் நான். என் குரலும் தழுதழுத்தது.

தோலோன் பைகே உள்ளங்கைகளை விரித்து ஆசி கூற ஆரம்பித்தார். நீண்ட ஆயுள் வேண்டும், வம்சம் தழைக்க வேண்டும், மந்தை பெருக வேண்டும் என்று முறையாகச் சொல்லிக்கொண்டே போனார். 'நோய்நொடி அண்டாமல்' என்ற இடத்துக்கு வந்தபோது உறுமல் நின்றது. பச்சை மலை இருண்டது. வெல்வெட் தீயும் வாசனை வந்தது. நாங்கள் எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு 'ஆமீன்' சொன்னோம்.

பெரிசாத் ஓடிப்போய்க் கச்சையை அவிழ்த்தாள். முடிச்சை நான் அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்ததால் அவிழ்க்க நேரமானது. திருப்புளியால் திறந்து உள்ளே பார்த்தாள். "உள்ள இருக்கிற பலகை கருகிப் போச்சு. ஆனா நினைவுத் தட்டு நல்லா இருக்கு. மொறை எல்லாம் அதுலதான் இருக்கு. இப்பவே எடுத்துப் புதுசுல போட்டா அரை மணி நேரத்துல எஜேக்குச் சீட்டு குடுத்துடலாம்."

"இப்பவேயா?" தோலோன் பைகேயின் கண்களில் நீர் கட்டியிருந்தது. "உடம்புச் சூடு ஆறறதுக்குள்ளயா?"

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், கை வைக்க முடியவில்லை.

அங்கேயே இரங்கல் கூட்டம் தொடங்கியது. நாற்பது நாள் துக்கம் என்று தீர்மானம் போட்டோம். அதுவரை அவர் உடம்பில் யாரும் கை வைக்கக்கூடாது, பெட்டியைப் பிரிக்கக்கூடாது, சீட்டும் கிடையாது. நாற்பதாம் நாள் இன்னொரு ஆடு.

புருல்சா எஜே அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். "நாப்பது நாளா?" என்றார். "தோலோன், என் வெங்காயத்துக்கு நாப்பது நாள் கணக்கெல்லாம் தெரியாது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தண்ணி வேணும். கால்வாய்ல ஓடற தண்ணி வீணா கீழ போகுது, கண்ணால பாத்துட்டுத்தான் வர்றேன்."

"எங்களுக்கு மட்டும் வருத்தம் இல்லையா, எஜே? உங்க வெங்காயத்தை நெனைச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றார் எஜே. "அதுவும் ஆட்டைத் தின்னுக்கிட்டே அழுவுது."

எழுந்தார். தலைத்துணி முனையில் கை துடைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். கோபக்காரி, வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தோம். ஈசாக் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

மதகுச் சக்கரத்துக்குப் பூட்டு கிடையாது. சீட்டில்லாமல் எவரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அத்தனை வருடமாக அதன் பூட்டு. எஜே நேராகப் போய் அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். எந்தக் கணினியையும் கேட்காமல் தண்ணீர் பாய்ந்தது. வெங்காய வயல் முழுக்கக் குடித்தது. வேலை முடிந்ததும் சக்கரத்தைத் திருப்பி அடைத்துவிட்டு, கரையில் கூடிய பெண்களிடம், "அவ்வளவுதான்டீ, கைப்புடியை எடது பக்கமா திருப்பணும்" என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு மதகுப் பக்கம் போன ஈசாக் மூச்சிரைக்க ஓடிவந்து இதைச் சொன்னபோது எல்லோரும் தட்டைக் கீழே வைத்தோம். எத்தனையோ வறட்சியைப் பார்த்த அலுவலகம் இது. இப்படி ஒரு பேரிடரைப் பார்த்ததில்லை.

அந்த இடத்தில்தான் தோலோன் பைகேயின் தலைமைப் பண்பு வெளிப்பட்டது. கண்ணைத் துடைத்தார். மிக அவசர அரசாங்க அலுவல் காரணமாகத் துக்கம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அறிவித்தார். தேநீர்க் கோப்பைகளை ஜன்னலில் வைத்தோம். துணியை மடித்தோம். பெட்டியைப் பிரித்தோம். பெரிசாத் கம்பிகளைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். முதல் தேநீருக்குத் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை, அதற்குள் அது விழித்துக்கொண்டது. பெரியவரின் நினைவுத் தட்டிலிருந்து முறைகளை எல்லாம், சொன்ன அரை மணி நேரத்தில், அவள் மாற்றியும் முடித்தாள்.

நான் உட்கார்ந்தேன். நவீனத்தைக் கண்டு நாங்கள் அஞ்சுகிறவர்கள் என்று பேசுபவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். அரசு நீரைச் சீட்டின்றி எடுத்ததாகவும், பொதுமக்களுக்குச் சக்கரம் சுற்றக் கற்பித்ததாகவும் புருல்சா எஜே மீது ஒரு புகாரை, ஒரு பிழை இல்லாமல், மளமளவென்று அடித்தேன். இந்தப் பருவம் முழுவதும் அவருடைய முறையை ரத்து செய்யும் ஆணையையும் கையோடு சேர்த்தேன். அச்சு எந்திரம் இரண்டு தாள்களையும் சுடச்சுட நீட்டியது. தோலோன் பைகே கையெழுத்துப் போட்டுவிட்டு, "அருமையான கணினிடா" என்றார்.

பெரிசாத் தாள்களை எடுத்துப் படித்தாள். "பைகே, எஜேயோட சீட்டையும் இதுலயே எடுத்திருக்கலாமே. கேட்டப்பவே பெட்டியைப் பிரிச்சிருந்தா."

"எடுத்திருக்கலாம்" என்றேன்.

"அப்புறம் ஏன் பிரிக்கல?"

படித்த பெண்தான், ஆனாலும் பாவம், அலுவலகம் புதிது. பொறுமையாக விளக்கினேன். "சீட்டு தேவைப்பட்டது அவங்களுக்கு, மகளே. புகார் தேவைப்பட்டது நமக்கு."